திருஷ்டிக்கு ஒரு குறை

சங்கரன்கோவிலில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கியதிலிருந்தே சனி பிடித்துக்கொண்டது. முதலில் சுவருக்கு நீலப் பெயின்ட் அடித்தார்கள். அப்புறம், வருகிறவர்களிடம் 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லக் கூடாது, 'வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?' என்று கேட்க வேண்டும் என்றார்கள். ஊசிக்குப் பயந்து வெளிறிப்போய் நிற்கிறவனிடம் அப்படிக் கேட்டால் அவன் வாசுதேவநல்லூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவான். கம்பெனிக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? கடைசியில் வேலை பார்க்கிறவர்களின் மனசையும் அளந்து பார்த்துவிடுவது என்று முடிவுகட்டி, ப்ரியதர்ஷினி என்ற பெண்ணைக் கையில் டேப்லெட்டோடு அனுப்பி வைத்தார்கள்.

முன் மேசையில் இரண்டு பேர். கோமதித்தாய் உள்ளூர்க்காரி, மூத்தவள். முபஷ்ஷிரா கடையநல்லூரிலிருந்து வந்து போகிறவள். முபஷ்ஷிராவின் புருஷன் துபாயில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடந்தான். இவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. இரண்டு பேரில் ஒருவரைக் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தப்போகிறது என்று மேனேஜர் பேச்சிராஜா காதோடு காதாகச் சொல்லியிருந்தான். யார் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் கோமதித்தாய் யோசிக்காமல் முபியைக் கைகாட்டியிருப்பாள். கோமதித்தாயின் புருஷனுக்கு மின்வாரியத்தில் வேலை. கஞ்சிக்குக் கவலை இல்லை.

அதோடு, முபிக்கு ஒரு வித்தை தெரியும். அது கோமதித்தாய்க்கு வராது, அவ்வளவுதான். ரிசல்ட் கவரை வாங்கிப் பிரித்துவிட்டு அப்படியே இடிந்துபோய் உட்காருகிறவர்களின் பக்கத்தில் முபி போய் உட்காருவாள். கையைப் பிடித்துக்கொள்வாள். அவர்கள் அழுதால் அவளுக்கும் கண் நிறைந்துவிடும். எழுந்து போகும்போது அவர்கள் அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

டேப்லெட்டில் முதலில் தன்னைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டும். பிறகு கூட வேலை பார்ப்பவருக்கு மார்க் போட வேண்டும். கோமதித்தாய் முபிக்குப் பொறுமைக்குப் பத்து, அன்புக்குப் பத்து, பொறுப்புக்குப் பத்து என்று போட்டுக்கொண்டே போனாள். வரிசையாகப் பத்துகளைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்தது. இப்படி முழுசாகப் புகழ்ந்தால் கண் பட்டுவிடாதா? பிள்ளை எவ்வளவு அழகென்று யாராவது சொன்னால், 'எங்கே, ஒழுங்கா சாப்பிடவே மாட்டேங்கா' என்று ஒரு குறையைச் சொல்லித்தானே அவள் தன் மகளை வளர்த்தாள்? பாவம், பிழைப்பே இதில் தொங்குகிறது. கடைசிக் கேள்வி, இவரிடம் உள்ள குறை என்ன என்று கேட்டது. 'பிறத்தியார் அழுதால் இவளும் அழுதுவிடுவாள்' என்று எழுதி, உணர்ச்சிக் கட்டுப்பாடு என்ற இடத்தில் மட்டும் மூன்று போட்டாள். அழுவதை எந்த மடையன் குற்றமென்று எண்ணப்போகிறான்? திருஷ்டிப் பொட்டு வைத்தாயிற்று என்று நிம்மதியாக டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுவாரம் ப்ரியதர்ஷினி அவளை உள்ளே கூப்பிட்டாள்.

"வாழ்த்துகள் மேடம். நீங்க கன்டினியூ பண்றீங்க."

"அப்ப முபி?"

"அவங்களுக்கு உணர்ச்சிக் கட்டுப்பாடு ரொம்பக் கம்மியா வந்திருக்கு. அவங்க பதில்ல அது தெரியல. ஆனா கூட வேலை பாக்குறவங்க சொல்றதுக்குத்தான் சிஸ்டம் வெயிட் குடுக்கும்."

"மேடம், அது குத்தமா சொன்னது இல்ல. திருஷ்டிக்காவ எழுதுனது. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அத அழிச்சிருங்க மேடம்."

ப்ரியதர்ஷினி சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை. "சப்மிட் பண்ணினப்புறம் மாத்த முடியாதுங்க." பிறகு டேப்லெட்டைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களுக்கு அவங்க எல்லாத்துக்கும் பத்து போட்டிருக்காங்க. குறை எழுதுற இடத்துல 'மாஷா அல்லாஹ்'னு இருக்கு. குறை எதுவும் இல்லன்னு அர்த்தமா?"

கோமதித்தாய்க்கு அர்த்தம் தெரியும். அவள் மகள் வயதுக்கு வந்தபோதும், புதுச் சேலை கட்டி வந்தபோதும் முபி சொன்ன சொல் அது. புகழ்ந்த வாயால் கண் பட்டுவிடாமல் இருக்க அவர்கள் சொல்வது. முபிக்கும் அதே பயம்தான் வந்திருக்கிறது. அவள் காவலுக்கு ஆண்டவனை வைத்தாள். இவள் மூன்று மார்க்கை வைத்தாள். பாழாய்ப்போன மூன்று மார்க்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் நின்றார்கள். முபியின் கையில் டிபன் பாக்ஸும், மேசை டிராயரிலிருந்து எடுத்த சீப்பும் இருந்தன.

"கோமதிக்கா, எனக்கு நீ என்ன மார்க் போட்ட?"

சொல்லிவிடலாம் என்றுதான் கூடவே வந்தாள். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. "எல்லாத்துக்கும் பத்துதாம்ட்டி போட்டேன்."

முபி மெல்லத் தலையாட்டினாள். "அப்ப எம் மனசுலதான் என்னமோ கோளாறு இருக்குக்கா. மெஷினு கண்டுபிடிச்சிட்டு. இனி ஒழுங்கா இருக்கணும்."

அவள் கண் காய்ந்து கிடந்தது. அப்படி ஒரு முகத்தைக் கோமதித்தாய் பார்த்ததே இல்லை. இல்லட்டி, நான்தான் என்று சொல்வதற்குள் கடையநல்லூர் பஸ் வந்து நின்றது.

பக்கத்து பெஞ்சில் ஒருத்தி மடியில் நீலக் கவரை வைத்துக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். மத்தியானம் ரிசல்ட் வாங்கிப் போனவள். முபி அவளைப் பார்த்தாள். கால் அந்தப் பக்கம் ஓர் எட்டு வைத்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ் போன பிறகு கோமதித்தாய் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதெல்லாம் எப்போதும் முபி பார்த்துக்கொண்ட வேலை.