வேலியோரத்து உண்ணிமுள்

படத்தைப் பெரிதாக்கிக் காட்டவே வேண்டாம், ஜோதிமணிக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தானாக முளைக்கும் உண்ணிமுள் இப்படியா வரிசை கட்டி நிற்கும்? முழத்துக்கு ஒன்றாக, கயிறு பிடித்த மாதிரி, வயலோரம் நெடுகப் போயிருந்தது. யாரோ நட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்த வயல் அவளுடைய அண்ணன் வேலாயுதத்தினுடையது.

செந்தில்நாதன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நகரத்தில், விஜயநகர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் இந்தச் சின்ன அமைப்புக்கு அவர்தான் தலைவர். காட்டோரங்களில் மண்டிக் கிடக்கும் உண்ணிமுள்ளை வேரோடு எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்குரிய புல்லையும் மரத்தையும் மறுபடி கொண்டுவருவது இவர்கள் வேலை. ஆபீஸில் அதற்கு லாண்டனா என்று பெயர். என்ன பெயர் வைத்து என்ன? மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது ஜோதிமணி இங்கே சேர்ந்தாள், இப்போது மகள் காலேஜ் போகிறாள். உண்ணிமுள் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் சளைக்காமல் தலையெடுக்கிறது. இவள்தான் சளைத்துப் போனாள்.

"வியாழக்கிழமை நிதி தர்றவங்க வர்றாங்க ஜோதி. நேரா ஹனூருக்கு, இந்த வயலுக்குத்தான் போவாங்க. எடுத்த லாண்டனாவ நம்ம ஆளுங்களே திரும்ப நட்டு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா, அந்த ப்ளாட்டோட கதை முடிஞ்சுது. உங்க வேலையும் அதோடதான்."

"எங்கண்ணன்தான் நட்டிருப்பார் சார்."

"தெரியும். அதான் உங்களப் போகச் சொல்றேன். சீக்கிரமா, பேகா முடிச்சிட்டு வந்துடுங்க."

அவர்மேல் கோபப்பட்டாலாவது மனசு ஆறும். அந்த மனுஷனும் தூங்கி எத்தனை நாளோ, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. தப்பு எங்கே நடந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியும். வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு அடைத்துக்கொண்டு கிடந்தது உண்ணிமுள். கெட்ட செடிதான், யார் இல்லை என்றார்கள்? தன் நிழலில் ஒரு புல்லை வளர விடாது. ஆனால் ஒரு பன்றியையும் தாண்டி வர விடாது. அதை எடுத்துவிட்டுக் கிளுவை வேலி போட்டுத் தருகிறோம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசியவள் ஜோதிமணி. கிளுவை வளர்ந்து அடைத்த பிறகல்லவா முள்ளில் கைவைத்திருக்க வேண்டும்! மார்ச்சுக்குள் வேலையைக் காட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில் முள்ளை முதலில் எடுத்தார்கள், கிளுவைக் குச்சியைப் பிறகு நட்டார்கள். குச்சி துளிர்ப்பதற்குள் பன்றிக்கூட்டம் வந்து, விளைந்து நின்ற மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் உழுதுபோட்டுவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து வேலாயுதம் பரணில் படுத்துத்தான் காவல் காக்கிறார். தங்கையை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருக்கும் அவளுக்கு.

மறுநாள் காலையில் கொள்ளேகாலில் பஸ் மாறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, அண்ணனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள்ளேயே பேசிப் பேசிப் பார்த்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை. ஹனூரில் இறங்கும்போது தலை கனத்து, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

வயலோரமே அண்ணி கனகா எதிர்ப்பட்டாள். நாத்தனாரின் பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த களைக்கொத்தின் காம்பைப் பார்த்தாள், பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வா அம்மணி. உங்கொண்ணன் இப்பத்தான் பரண்ல இருந்து எறங்குனாரு. சோளம் கதுரு புடிச்சிருக்குது. இந்தத் தடவையும் போச்சுன்னா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரீல."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டாள்.

வேலாயுதம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். கன்னம் இரண்டும் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. இரும ஆரம்பித்தால் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. பஸ்ஸில் பேசிப் பார்த்ததெல்லாம் ஜோதிமணிக்கு எங்கே போயிற்றோ!

"அண்ணா, வியாழக்கெழம ஆளுங்க வர்றாங்க."

"புடுங்கோணுமா?"

"ம்."

"புடுங்கிப்போடு கண்ணு. அதுக்கெதுக்கு மொகத்தத் தொங்கப் போட்டுட்டு நிக்கற?"

"பன்னி வந்தா?"

"வந்தா வெரட்டறேன். இத்தன நாளு என்ன பண்ணுனேன்?"

சொல்லிவிட்டுத் தன்னுடைய கொத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வரிசையின் அந்தக் கடைசிக்கு நடந்தார். ஜோதிமணி இந்தக் கடைசியில் குனிந்தாள். முதல் செடி ஒரே கொத்தில் வந்துவிட்டது. வேரடி மண் ஈரமாக இருந்தது, வெள்ளை வெள்ளையாகப் புது வேர் விட்டிருந்தது. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் காட்டையே வளைத்துப்போட்ட செடி இது. அதற்குப் போய் இந்த வெயிலில் குடம் சுமந்து ஊற்றியிருக்கிறாரே மனுஷன்! இரண்டாவதைப் பிடுங்கினாள், மூன்றாவதைப் பிடுங்கினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, அத்தனை வருஷப் பழக்கம்.

நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கடைசியில் அண்ணனும் பிடுங்கிக்கொண்டிருந்தார். இவள் ஊராருக்குக் கற்றுக்கொடுத்தபடியே, வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி எடுத்து, வேர் மண்ணில் படாமல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். மண்ணில் பட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று சொன்னவள் இவள்தான்.

"போதுங்ணா, நான் பாத்துக்கறேன். நீங்க போய்ப் படுங்க."

"நீ ஒருத்தி எப்பப் புடுங்கி எப்ப பஸ்ஸேறுவ?" தலையைத் தூக்காமலே சொன்னார். இடையில் இருமினார். "வேலைய மட்டும் உட்றாத அம்மணி. புள்ளைய படிக்க வெக்கோணுமில்ல."

பைக்குள் போன் அடித்தது. செந்தில்நாதனாகத்தான் இருக்கும். அடித்து ஓயட்டும் என்று விட்டாள். காலடியில் பிடுங்கிப்போட்ட செடிகள் கிடந்தன, இலை இன்னும் வாடவில்லை. சட்டென்று ஒன்றை எடுத்து அது வந்த குழியிலேயே இறக்கினாள். மண்ணைத் தள்ளிக் குதிகாலால் மிதித்தாள். அடுத்ததையும் எடுத்தாள்.

அந்தக் கடைசியிலிருந்து வேலாயுதம் குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கவிழ்த்தபடி வந்துகொண்டிருந்தார். இந்தக் கடைசியிலிருந்து ஜோதிமணி ஒவ்வொன்றாக நட்டு மிதித்தபடி அவரை நோக்கிப் போனாள்.