பிபிகுல் அபாவின் தட்டு

அரால் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் நேரத்தில் பிபிகுல் அபா ஜன்னல் வழியாக ஒரு எனாமல் தட்டை என்னிடம் நீட்டினாள். வயதான அம்மாக்களை நாங்கள் அபா என்றுதான் கூப்பிடுவோம். நீல விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்த பழைய தட்டு. வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்த தினைமாவை வைத்து மேலே துணி கட்டியிருந்தாள். "தட்டைத் திருப்பிக் கொண்டா, என் ஒட்டகக்குட்டி. வெறும் தட்டாக் கொண்டாந்துராத" என்றாள். எங்கள் பக்கம் அடுத்த வீட்டுத் தட்டை யாருமே வெறுமையாகத் திருப்ப மாட்டோம். இரண்டு மிட்டாயாவது போட்டுத்தான் கொடுப்போம். ஆனால் அவள் கேட்டது மிட்டாயை அல்ல. அதைச் சொல்லும்போது அவள் கண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெனேஸ் மேல் இருந்தது. அவளுக்கு மிச்சம் இருந்த பிள்ளை அவன் ஒருவன்தான்.

மூத்தவன் முகித். நார்வேயின் வடகோடியில் ஒரு மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போனவன், இரண்டு குளிர்காலத்துக்கு முன் புயலில் கடலில் விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாதபோது சாவு ஏது என்று அபா ஒரே பிடியாக நின்றாள். செத்தவர்களுக்காக நாங்கள் வெள்ளிக்கிழமையில் எண்ணெயில் ஏழு ரொட்டி பொரிப்போம். காய்ந்த எண்ணெயின் வாசம் அவர்களுக்குப் போய்ச் சேரும். பேர் சொல்லி ஓதிவிட்டு ரொட்டியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவோம். யாராவது முகித் பேரைச் சொல்லிவிடப் போகிறார்களே என்று பயந்து அபா தன் வீட்டில் எண்ணெய்ச் சட்டியையே அடுப்பில் ஏற்றவில்லை.

நாங்கள் மூவரும் மீன்பிடிச் சுற்றுலா போகிறோம் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். கெனேஸ், ஒல்ஜாஸ், ரௌஷான் ஆகிய நான். ஒரே பள்ளிக்கூட பெஞ்சைத் தேய்த்தவர்கள். முகித் விழுந்த கடலைப் பார்க்கத்தான் கெனேஸ் வருகிறான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி நடித்தோம்.

நார்வேயின் அந்த வடகோடியில் தண்ணீரை ஒட்டி ஒரு சிவப்புக் குடில், அதற்கொரு மரப் படகுத்துறை, ஒரு மோட்டார் படகு. ஜூலை மாதம் என்பதால் சூரியன் இறங்கவே இல்லை. ஒல்ஜாஸ் ஜன்னலில் போர்வையை ஆணியடித்துப் பார்த்தான். அப்போதும் வெளிச்சம் உள்ளே வந்தது. முதல் நாள் என் இடுப்புயரத்துக்கு ஒரு காட் மீன் பிடித்தேன். ஒல்ஜாஸ் படகின் விளிம்பில் தொங்கி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கடலே வற்றி ஊரை விட்டு ஓடிப்போன இடத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் எப்படி ஒத்துக்கொள்ளும் என்று என்னிடமே சண்டை போட்டான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கெனேஸும் தூண்டில் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தான். மறுநாள்தான் கவனித்தேன், அவன் நூலில் முள்ளே கட்டவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கெனேஸே மாவு பிசைந்தான், ஏழு ரொட்டி பொரித்தான். ஓதுவதற்கு உட்கார்ந்த ஒல்ஜாஸ் யார் பேருக்கு என்று கேட்டான். கெனேஸ் வாயைத் திறந்தான், மூடினான். அண்ணன் பேரைச் சொன்னால் அண்ணனைப் புதைத்த மாதிரி. அம்மாவை நினைத்துக்கொண்டான் போல.

"யாரும் இல்லாதவங்க பேருக்கு" என்றான்.

எங்கள் ஓதலின் கடைசியில் சாதாரணமாக வருகிற வார்த்தைதான் அது. சொந்தக்காரர்கள் பேரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போகிற போக்கில் சொல்லுவோம். அது மட்டுமே தனியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் அப்படிப்பட்ட ஒரு கரையில். எங்கள் மூன்று மரமண்டைகளுக்கும் அது உறைக்கவில்லை.

கொடுப்பதற்கு அக்கம்பக்கம் இல்லை. குடிலின் சொந்தக்காரி இங்குன் தண்ணீருக்கு அக்கரையில் இருந்தாள். மிஞ்சிய ரொட்டிகளை கெனேஸ் அபாவின் தட்டில் அடுக்கிப் படகுத்துறையின் நுனியில் வைத்துவிட்டு வந்தான். கடற்காக்கைகளுக்கு நல்ல வேட்டை என்றான் ஒல்ஜாஸ்.

காலையில் தட்டு எங்கள் வாசற்படியில் இருந்தது. சுத்தமாகக் கழுவி, அதில் ஒரு மீன். வயிறு புடைத்த காட். படகுத்துறைப் பலகைகள் காய்ந்து கிடந்தன. ஒரு ஈரக் காலடிகூட இல்லை. கடற்காக்கைகள் கூரையில் வரிசையாக உட்கார்ந்து அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

அன்று பெட்ரோல் கேனோடு வந்த இங்குனிடம் நீங்களா வைத்தீர்கள் என்று கேட்டோம். அவள் குனிந்து மீனின் வயிற்றை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். "இது சினை மீன். குளிர்காலத்துலதான் வரும். இப்ப எங்க பிடிச்சீங்க?" என்றாள். நான் படகுத்துறையைக் காட்டினேன். அவள் கேனை நின்ற இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். தினமும் உள்ளே வந்து ஒரு கோப்பை டீ குடிக்காமல் போகாதவள்.

மீனைத் தூக்கிக் கடலில் எறி என்று நான் கத்தினேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஏற்கெனவே பெயர்; இருந்துவிட்டுப் போகட்டும். கெனேஸின் முகமோ விளக்கு ஏற்றிய மாதிரி இருந்தது.

"ரௌஷான், தட்டை வெறுமையாத் திருப்பக் கூடாதுன்னு இந்த ஊர்ல யாருக்குடி தெரியும்?"

 யாரும் இல்லாதவன் என்று கூப்பிட்டோம். அம்மாவும் தம்பியும் இருந்தும், இரண்டு வருடமாக ஒரு துண்டு ரொட்டி கிடைக்காத ஒருவனுக்கு அது கேட்டிருக்கிறது.

அன்றே அவன் மறுபடி ரொட்டி பொரித்துத் துறையின் நுனியில் வைத்தான். நான் திட்டித் தீர்த்தேன். பாவம், விடு என்றான் ஒல்ஜாஸ். மறுநாள் காலை தட்டில் ஒரு கையுறை இருந்தது. ஒட்டக ரோமம், மணிக்கட்டில் சிவப்பு நூல், இடது கை. அபா பின்னி முகித்துக்கு அனுப்பிய ஜோடியில் ஒன்று. அவள் பின்னும்போது நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளே நான்தான், ஆகவே சந்தேகத்துக்கு இடமே இல்லை. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டோம். நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தது. தரையைத் துடைத்து எனக்குக் கை ஓய்ந்தது, அது காயவே இல்லை. ஒல்ஜாஸ் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வெளியே போய்த் துப்பினான்.

சாப்பிடும்போது கெனேஸ் கணக்குத் தீர்க்கிறவன் மாதிரி பேசினான். "அவன் இவ்ளோ குடுத்துட்டான். இனிமே ரொட்டியை வச்சா அசிங்கம்."

வேறென்ன வைப்பாய் என்று கேட்டேன். அவன் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான்.  அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ரயில் ஜன்னலுக்கு வெளியே நின்ற அபாவின் கண்கள் ஞாபகம் வந்தன.

கண்கொத்திப் பாம்பாகத்தான் இருந்தேன். பாத்திரம் கழுவுகிற நேரத்தில் ஏமாந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அலமாரியில் தட்டு இல்லை, வெளியே மோட்டார் சத்தம். ஓடினேன். படகு துறையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. படகுக்குள் குதித்தேன், முழங்கால் கிழிந்தது. பின்னால் ஓடிவந்த ஒல்ஜாஸ் பலகை முடிந்த இடத்தில் நின்றுவிட்டான். கெனேஸ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குடாவின் வாயில் அவன் மோட்டாரை நிறுத்தினான். ராத்திரியிலும் இறங்காத வெயில். அலை இல்லை, பறவை இல்லை. வெறும் தட்டைத் தண்ணீர் மேல் வைத்தான். நீரோட்டத்தில் படகு நகர்ந்தது. தட்டு மிதந்துபோகாமல் எங்கள் பக்கத்திலேயே வந்தது. பிறகு கையுறை போட்ட கையைத் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் விட்டான். அந்தத் தட்டில் வைக்க அவனிடம் அவன் மட்டும்தான் இருந்தான்.

"கையைப் பிடிச்சிருக்கான்" என்றான், ரொம்ப சாதாரணமாக. "சின்ன வயசுல ரோடு தாண்டும்போது பிடிப்பான்ல, அந்தப் பிடி."

படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. நான் அவன் இடுப்புப் பட்டையைப் பற்றி இழுத்தேன். எதிர்ப்பக்கம் என்னைவிட கனம். தண்ணீர் அவன் முழங்கையைத் தாண்டி, தோளுக்கு வந்தது. அடித்தேன், கெஞ்சினேன், உன் அம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்வேன் என்று அழுதேன். அவன் சிரித்த முகமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் சட்டைப்பையில் முந்தின நாள் மிஞ்சிய ரொட்டி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது அபாவை என்ன செய்யும் என்றும் தெரிந்தது. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் உயிரோடு வைத்திருந்த மகனை என் வாயால் முடிக்க வேண்டும். ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ரொட்டியைத் தட்டில் போட்டேன். தெரிந்ததை ஓதினேன்.

"இது முகித் பேருக்கு. பிபிகுல் மகன் முகித்துக்கு. நீ செத்துட்ட, முகித். உனக்கு ஆள் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போ, தம்பியை விட்டுரு."

தட்டு ஒருமுறை சுற்றியது. பிடி விட்டது. கெனேஸ் என் மேலேயே மல்லாந்து விழுந்தான். அவன் கை வெறும் கையாக வெளியே வந்தது. எழுந்து பார்த்தபோது தண்ணீர் மேல் தட்டும் இல்லை, ரொட்டியும் இல்லை.

கரை வந்து சேரும்போது, "அதை நீ சொல்லியிருக்கக் கூடாது" என்றான். அதற்குப் பிறகு விமானத்திலும் ரயிலிலும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒல்ஜாஸ் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் உணவுப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே வந்தான்.

ஊர் வந்த மறுநாள் சந்தையில் ஒரு புதுத் தட்டு வாங்கி, மிட்டாயும் உலர்ந்த பழமும் நிரப்பிக்கொண்டு அபா வீட்டுக்குக் கிளம்பினேன். பழைய தட்டு விமான நிலையத்தில் தொலைந்துவிட்டது என்று ஒரு பொய்யை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். தெருமுனையிலேயே வாசம் வந்தது. காய்ந்த எண்ணெய். அபா வீட்டிலிருந்துதான் வந்தது. வாசற்படியில் கெனேஸ் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் நகர்ந்து வழிவிட்டான்.

சமையலறை மேஜையில் அந்த எனாமல் தட்டு இருந்தது. நீல விளிம்பு, பூச்சு பெயர்ந்த அதே இடம். அதில் இரண்டு கையுறைகள், இடதும் வலதும். மேஜை விரிப்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த புதுத் தட்டைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"நீங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே வாசல்ல இருந்துச்சு" என்றாள் அபா, அடுப்பைப் பார்த்தபடி. குரல் நடுங்கவில்லை. "நான் வளர்த்த பிள்ளை. வெறும் தட்டா அனுப்பல. இவனையும் அனுப்பி வச்சிருக்கான்."

ஆறு ரொட்டி அடுக்கியிருந்தது. ஏழாவது மாவைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். எண்ணெய் புகைய ஆரம்பித்தது.

"பேரை நீ சொல்லு, ஒட்டகக்குட்டி. எனக்கு வாய் வரமாட்டேங்குது."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் முதுகுக்குப் பின்னால், வாசற்படியிலிருந்து கெனேஸின் குரல் வந்தது.

"முகித் பேருக்கு, அம்மா."

அபா மாவை எண்ணெயில் விட்டாள்.