வெடிக்காரருக்கு ஒரு தப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சரக்கு இல்லை. மேல்வீட்டு வக்கீல் மாடிப்படியில் நின்று சொன்னது. நாளெல்லாம் பேச ஆளில்லாதவன் நான். படியில் யார் வந்தாலும் மறித்துக்கொள்வேன். பாவம் மனுஷன், பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சொந்தமாகக் குவாரி வைத்து, பாறைக்கு வெடியும் தானே வைக்கிறவர் ஒருவர். ஒரு பகலில் கல் ஒன்று எகிறிப்போய், தூரத்திலிருந்த தையல்காரம்மாவின் கூரையைப் பிளந்து, படுத்திருந்த அவர் கணவர் மேல் விழுந்தது. ஆள் போய்விட்டார்.

2

“அன்று வெடிக்காரர் குடித்திருந்—”

என்று எழுதி, அடித்துவிட்டேன். அவர் குடிப்பதில்லை.

“அவசரத்தில் வெடிமருந்தைக் கூடுதலாக அடைத்—”

அதுவும் இல்லை. மருந்து சரி, துளையின் ஆழம் சரி, எச்சரிக்கைச் சங்கு ஊதியாயிற்று, கொடி பிடிக்க ஆள் நின்றாயிற்று. (தப்பே பண்ணாத ஆளை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவான்? எரிச்சலாக வருகிறது.)

3

தையல்காரம்மா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது, இதையெல்லாம் சொல்லத்தான் வெடிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு கோர்ட்டுக்கு வந்தார். யாரும் கேட்கவில்லை. இவ்வளவு ஆபத்தான வேலையைச் செய்கிறவர் எத்தனை கவனமாக இருந்தாலும், விளைந்த கேட்டுக்கு அவரே பொறுப்பு, தப்பு நடந்ததா என்ற பேச்சே வேண்டாம் என்கிறது சட்டம். நியாயம்தான். புருஷனைப் பறிகொடுத்தவள் எந்தக் குவாரியில் போய்த் தப்பைத் தோண்டுவாள்?

நஷ்டஈட்டைக் கட்டினார். ஆனால் “நீ கவனமாத்தான் இருந்தே” என்று ஒருவரும் சொல்லவில்லை. “தப்பு உன்னுது” என்றும் சொல்லவில்லை. வீட்டில், “அதான் முடிஞ்சுபோச்சே, சாப்பிடுங்க” என்றாள் மனைவி. அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

4

(வக்கீல் சொன்னது அதோடு சரி. இனி நான்.)

வெடிக்காரரைத் தையல்காரம்மா வீட்டுக்கு அனுப்பினேன். மெஷின் நின்றது.

“அம்மா, நான் எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். இதை யார்கிட்டயாவது சொல்லணும்.”

அந்தம்மா மடியிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

“அப்படிச் சொல்லாதீங்கய்யா. தப்பு பண்ண ஆளு யாருன்னு தெரிஞ்சாத்தானே நான் கோவப்பட முடியும்? இப்போ எம்மேலதான் பட்டுக்கிட்டிருக்கேன். அன்னைக்கு வேலைக்குக் கிளம்பினவரை, கொஞ்சம் படுத்துட்டுப் போங்கன்னு சொன்னதே நான்தான்.”

நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“சின்னதா ஏதாச்சும் இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க.”

5

ஒரு முடிவு: “ஆமாம்மா, மருந்து கூடிப்போச்சு” என்கிறார். பொய். அந்தம்மா இன்று தூங்குவார். ஆனால் நாளைக்கு ஊரே வெடிக்காரரைக் கொலைகாரன் என்னும், அவர் மனைவி உட்பட.

இன்னொரு முடிவு: “இல்லம்மா.” உண்மை. அந்தம்மா மறுபடி தன்னையே திட்டிக்கொண்டு தைக்க உட்காருவார்.

இரண்டையும் எழுதக் கை ஓடவில்லை. வக்கீலும் ஊரில் இல்லை. அதனால்தான் உங்களை மறித்துக்கொண்டு நிற்கிறேன். நாற்காலி போட்டாயிற்று, அந்தம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் உட்கார்ந்து மீதியைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

“அம்மா, அன்னைக்கு நான்