நூற்றைம்பது நாள் அவகாசம்

ஐரோப்பாவின் டாங்கிகளுக்கும் தன் நிக்காஹ்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கௌஸ் முகம்மதுவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

துபாய் தேராவில், அண்ணன் முறையில் காக்கா என்று அவன் அழைக்கும் முதலாளி செய்கு அலாவுதீனின் கம்பளிக் கடையில் ரஷ்ய மொழி தெரிந்த ஒரே ஆள் அவன்தான். ஷாப்பிங் வரும் ரஷ்யப் பெண்களிடம் பேரம் பேசியே கற்றுக்கொண்டது. பாழாய்ப்போன அந்தத் திறமையால் கல்யாண லீவு இரண்டு முறை தள்ளிப்போனது. ஒருவழியாக வியாழக்கிழமை விமானம், ஞாயிற்றுக்கிழமை கீழக்கரையில் நிக்காஹ். இன்னொரு முறை தள்ளினால் வேறு மாப்பிள்ளை பார்ப்போம் என்று பெண்வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை முதலாளி பேப்பரும் கையுமாக வந்தார். யார் எத்தனை டாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பாவில் போட்ட ஒப்பந்தத்தை ரஷ்யா நிறுத்தி வைக்கப்போகிறதாம்.

“சண்டை வரப்போவுதுடா. தொண்ணூறுல குவைத் சண்டையப்ப நம்ம கடையில ஒண்ணு மிஞ்சல. ரஷ்யாக்காரன் வந்து அள்ளுவான். ரெண்டு கண்டெய்னர் கம்பளிக்குச் சொல்லிட்டேன். நீ இப்ப போகக் கூடாது.”

“காக்கா, இது ஜூலை மாசம்!”

“லீவை ரத்து பண்ணலடா, நிறுத்தித்தான் வைக்கிறேன். அவசரம்னா போன்லயே நிக்காஹ் முடிச்சுக்க.”

பாஸ்போர்ட் அவர் மேஜைக்குள் பூட்டிக் கிடந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது கௌஸுக்கு. பேப்பரைப் பிடுங்கிக் கடைசி வரியில் விரலை வைத்தான்.

“பாருங்க. அந்த நாடே நூத்தம்பது நாள் முன்னாடி சொல்லிட்டுத்தான் நிறுத்துது. நீங்க மூணு நாள் முன்னாடி சொல்றீங்க!”

முதலாளி வாசித்தார். முகம் மலர்ந்தது. “நல்லதாப் போச்சு. நூத்தம்பது நாள் கழிச்சு, டிசம்பர்ல போ.”

மத்தியானம் பெண்ணின் வாப்பாவுக்குப் போன் போட்டான். போன் நிக்காஹ் என்று வாயெடுத்ததுமே அவர், “போதும் தம்பி. எம்மவ போனைக் கட்டிக்கிட்டு வாழ முடியாது,” என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் சீர்த்தட்டுகளும் திரும்பி வந்துவிட்டதாக அவன் உம்மா ஊரிலிருந்து போனில் அழுதாள்.

புதன்கிழமை ஒரு ரஷ்யப் பெண் கடைக்குள் வந்தாள். முதலாளி கேட்கச் சொன்னபடி கௌஸ் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டான். அவள் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையாம். இந்த வெயிலில் கம்பளியா என்று சிரித்துவிட்டு, நீச்சலுடை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துப் போனாள்.

முதலாளி உடனே கண்டெய்னர்களை வேண்டாமென்றார். மேஜையைத் திறந்து பாஸ்போர்ட்டை நீட்டினார்.

“கலாஸ், சண்டையெல்லாம் இல்ல. டிக்கெட் நாளைக்குத்தானே? யல்லா, போய்க் கட்டிக்கிட்டு வா.”

கௌஸ் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டான்.

“யாரை, காக்கா?”