கம்பத்தைச் சுற்றிய அலை

"நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கம்பத்துல எத்தனை அடி..."

"அடி மரம் மக்கிப்போச்சுடி. மண்ணுக்குள்ள இருந்ததெல்லாம் கரையான்..."

"எத்தனை அடி வெட்டினீங்க?"

"மூணடி. இப்ப அதுக்கென்ன, கொட்டுற மழையில?"

ஊர் எல்லையிலிருந்து ஓடி வந்திருந்தாள் தச்சரின் மனைவி. அவள் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் பட்டறைத் தரையில் கிடந்த இழைப்புச் சுருள்கள் ஊறிக்கொண்டிருந்தன.

எல்லையில் நிற்கும் ஊர்ப்பலகையை இரண்டு வருடத்துக்கு முன் பழுதுபார்த்தவர் தச்சர். வண்ணம் பூசியது அவள். மேலே பலகையில் ஒரு ஜோடிக் காளை, கதிர்க்கட்டு, பழைய பாலம். கீழே கம்பத்தைச் சுற்றிச் செதுக்கிய ஒரு நீல அலை.

"என் நெஞ்சுக்கு நேரா இருந்த அலை. இன்னிக்குப் போய் நின்னா முழங்கால்ல இடிக்குது."

"குள்ளமானதும் நல்லாத்தான் இருக்குன்னு ஊரே சொல்லுச்சு. வர்றவன் போறவனெல்லாம் பலகை மேல கைபோட்டுப் படம் எடுத்துக்கிறான்."

"எடுக்கட்டும். அந்த அலை எதுக்கு இருக்கு?"

"எதுக்கு? அழகுக்கு."

அவள் பக்கத்தில் கிடந்த மரத்துண்டின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தாள். கம்பத்திலிருந்து வெட்டிப் போட்ட, தார் பூசிய அடித்துண்டு. இரண்டு வருடமாக அதன்மேல் உட்கார்ந்துதான் வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பாட்டன் காலத்து வெள்ளம் அந்த அலை வரைக்கும் வந்துச்சு. பாதி ஊரை அடிச்சிட்டுப் போச்சு. அதுக்கு மேலதான் வீட்டுக்குத் தளம் போடணும்னு செதுக்கி வச்சது."

"யாரு எங்கிட்ட சொன்னா? நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"இதைப் போய் ஒருத்தர் சொல்லணுமா? இங்க பொறந்ததுங்க எல்லாத்துக்கும் தெரியும்."

"தெரிஞ்ச நீதானே நீலம் பூசினே? கம்பம் இந்த மேடை மேலதானே கிடந்துச்சு? அப்ப எங்க போச்சு உன் வாய்?"

தகரக் கூரையில் மழை இரைந்தது. கையிலிருந்த உளியைத் தச்சர் மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நம்ம மக வீட்டுக்கு மட்டம் எங்கிருந்து எடுத்தாங்க?"

"எங்கிருந்து எடுப்பாங்க? கொத்தனார் குழாய்ல தண்ணி ரொப்பி, ஒரு முனையை அலைகிட்ட பிடிச்சாரு. மறுமுனை ஆத்தோரம், மனையில."

"எப்ப?"

"போன வருஷம்."

அவள் கைபேசி ஒலித்தது. மகள்தான்.

"அம்மா, பயப்படாதே. பாலம் முழுகிடுச்சு. இவரு வேலைக்குப் போன இடத்துலயே மாட்டிக்கிட்டாரு. ஆனா கீழ்த்தெரு ஜனம் மொத்தமும் இங்கதான். புது வீடு உசரம்னு நம்பி வந்துட்டாங்க. பன்னிரண்டு பேரு. பாப்பா ஒவ்வொருத்தர் மடியா சுத்திக்கிட்டிருக்கா."

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே மேட்டுக்கு வந்துடும்மா."

"எப்படிம்மா? நாலு பக்கமும் தண்ணி. இழுப்பு வேற பலமா இருக்கு."

"கூரை மேலயாவது ஏறுங்க!"

"ஓட்டுக் கூரைம்மா. மூணு மாசக் குழந்தையை வச்சுக்கிட்டு... எதுக்கு இப்படிப் பதறுறே? அலைக்கு நாலு விரக்கடை உசத்தித்தானே தளம் போட்டது. அப்பா இருக்காரா? இங்க ரெண்டு பொம்பளைங்க அழுதுக்கிட்டே இருக்காங்க. கம்பத்தை நட்டவரு அவரே ஒரு வார்த்தை சொன்னா அடங்கிடுவாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், குடு."

அவள் கைபேசியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளே அவர் காதோடு சேர்த்துப் பிடித்தாள். உள்ளே பல பேருடைய பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு எல்லோரும் அமைதியானார்கள்.

"அப்பா, தண்ணி மேல்படிக்கு வந்துடுச்சு. அலையைத் தாண்டாதுதானே?"