வெள்ளிக்கிழமைப் புள்ளிகள்

சத்தியபாய் டீச்சருக்கு அந்த ஐப்பசி மாதம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் ஜன்னலுக்குப் போகத் தோன்றும். ஜன்னலுக்குப் போனால் கடல் தெரியும். கடலைக் கண்டாலே எரிச்சல் வரும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கடிதம். இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் கையெழுத்துப் போட்டு அனுப்பியது.

"ஏழாம் வகுப்பின் சராசரி வருகை நூற்றுக்கு எழுபத்தைந்து. குறைந்தது எண்பது வேண்டும். கடற்கரை ஜனங்களுக்குப் பெண்களைப் படிக்கவைப்பதில் நாட்டமில்லை என்று தெரிகிறது. ஆகையால் இந்த வகுப்பை எடுத்துவிடலாமென்று கருதுகிறேன். ஆட்சேபணை இருந்தால், மாதக் கடைசியில் நான் நேரில் வரும்போது ஆதாரத்துடன் காட்டவும்."

நாட்டமில்லையாம்! குளச்சலுக்குக் கிழக்கே இரண்டு மைல் தூரத்தில், மணலில் கால் புதையப் புதைய நடந்துவந்து பார்த்தால் அல்லவா தெரியும். ஆறாம் வகுப்புக்கு மேல் அந்தக் கரையில் எந்தப் பெண்பிள்ளையும் படித்ததில்லை. சத்தியபாய்தான் நாகர்கோவிலிலிருந்து வந்து, வீடுவீடாக ஏறி இறங்கி, தாய்மாரிடம் ஏச்சும் வாங்கி, பதினொரு பிள்ளைகளைச் சேர்த்து ஏழாம் வகுப்பு என்று ஒன்றைத் தொடங்கினாள். வகுப்பை எடுத்துவிட்டால் அந்தப் பதினொன்றும் மறுநாளே மீன்கூடை தூக்கப் போய்விடும். பிறகு எந்தக் காலத்திலும் திரும்பி வராது.

ஆதாரம் கேட்கிறாள், கொடுத்துவிட்டால் போகிறது என்று சத்தியபாய் முடிவுசெய்தாள். பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதான் வகுப்பு காலியாகக் கிடக்கும். வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர்கள் இறைச்சி தின்னமாட்டார்கள். அப்படியானால் உள்நாட்டுக் கத்தோலிக்க ஊர்களிலெல்லாம் அன்றைக்கு மீனுக்குக் கிராக்கி. அப்படியானால் தாய்மார் கூடை சுமந்து தூரமாகப் போகவேண்டும். அப்படியானால் கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நிற்கவேண்டும். அப்படியானால், அப்படியானால் என்று அவளே படி கட்டி அவளே ஏறி உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் சீர்திருத்த சபைக்காரி. கத்தோலிக்கர்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவள் எண்ணம்.

அந்த வருஷம் ஏழாம் வகுப்புக் கணக்கில் கிராஃப் புதிதாக வந்திருந்தது. பாடத்துக்குப் பாடமும் ஆயிற்று, ஆதாரத்துக்கு ஆதாரமும் ஆயிற்று. பெரிய தாள் ஒன்றில் கட்டம் போட்டாள். கீழே எட்டு வாரம், நாற்பது பள்ளி நாட்கள். பக்கத்தில் பூஜ்யம் முதல் பதினொன்று வரை. வராதவர்களின் எண்ணிக்கைக்குச் சிவப்புக் கோடு. மீனோடு கரையேறிய கட்டுமரங்களுக்கு, ஐந்து மரம் ஒரு கட்டம் என்று, நீலக் கோடு. மீன் கணக்குக்கு அவள் எங்கும் அலையவேண்டியிருக்கவில்லை. கடற்கரையில் ஏலம் கூறுகிற இஞ்ஞாசி, மாதாகோயிலுக்குச் சேரவேண்டிய பங்குக்காக, மீனோடு வந்த மரத்துக்கு ஒரு கரிக்கோடு வீதம் தன் வீட்டுக் கதவில் தினமும் கிழித்துவைப்பான். அவன் மகள் இசபெல் ஏழாம் வகுப்பில்தான் படித்தாள். கதவைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கோடு என்ன சொல்லுதோ அதச் சொல்லணும். நம்ம மனசுல இருக்கத கோட்டு மேல ஏத்தக்கூடாது. வெளங்கிச்சா?" என்று சத்தியபாய் வகுப்பில் சொன்னாள்.

"வெளங்கிச்சு டீச்சரே" என்று எல்லாரும் பாடினார்கள்.

இரண்டு நாள் உட்கார்ந்து பிள்ளைகள் புள்ளி வைத்தார்கள். மூன்றாம் நாள், வியாழக்கிழமை, கோடு இழுத்தார்கள். சிவப்புக் கோடு ஈர்வாள் பல்லைப்போல வந்தது. திங்கள் முதல் வியாழன்வரை பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று என்று தரையோடு ஊர்ந்து, வெள்ளி வந்ததும் விருட்டென்று ஏழுக்கும் எட்டுக்கும் ஏறி, திங்களன்று பொத்தென்று கீழே விழுந்தது. சத்தியபாய் கைதட்டாத குறை. "பாத்தியளா? வெள்ளிக்கிழம!" என்றாள். பிறகு நீலக் கோட்டைப் பார்த்தாள்.

நீலக் கோட்டுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒரு கிழமை இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அது தன்பாட்டுக்கு ஏறியது, தன்பாட்டுக்கு இறங்கியது. மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை சாளை மீன் குவிந்து கடற்கரையில் கால் வைக்க இடமில்லாமல் இருந்த நாளில் சிவப்புக் கோடு பூஜ்யத்தில் படுத்திருந்தது. பதினொரு பேரும் பள்ளிக்கூடத்தில். இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள் மாதிரி இருந்தன.

"ஏட்டி இசபெல், ஒனக்க அப்பன் கோடு போட்டதுல தப்பு உண்டா?"

"இல்ல டீச்சரே. கோயில் கணக்கு. தப்பினா சாமியாரு விடமாட்டாரு."

"அப்ப மீனு இல்லாட்டி வேற என்ன காரணம்? கோட்டப் பாத்துச் சொல்லு."

இசபெல் தாளுக்கு அருகே போனாள். படிப்பில் நடுத்தரம், ஆனால் கண் கூர்மையான பிள்ளை. அவள் விரல் சிவப்புக் கோட்டின் மேல் நகர்ந்தது. முதல் வெள்ளி எட்டு. இரண்டாவது ஏழு. மூன்றாவது எட்டு. நான்காவது ஏழு. ஐந்தாவது வெள்ளியில் விரல் நின்றது. அங்கே பல் இல்லை. கோடு பூஜ்யத்தில் கிடந்தது. ஆறாவதில் மறுபடியும் எட்டு.

"இந்த வெள்ளிக்கிழம மட்டும் எல்லாரும் வந்துருக்கோம் டீச்சரே."

"அன்னைக்கு என்ன?"

 இசபெல் திரும்பி மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள்.  பதினொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் அது பெரிய சத்தம். பின்வரிசையில் இருந்த வேளாங்கண்ணிதான், கூட்டத்திலேயே சிறியவள், விவரமில்லாமல் உளறிவிட்டாள்.

"அன்னைக்கு டீச்சருக்கு காய்ச்சலு. தையல் டீச்சர் வந்தாவ. பரீச்ச இல்ல."

சத்தியபாய்க்கு முதலில் அது காதில் ஏறவில்லை. ஏறிய பிறகு முகம் சூடாகிவிட்டது. மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தும் பிள்ளைகளைப் போகச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமைப் பரீட்சை அவள் கொண்டுவந்த ஏற்பாடு. இருபது கணக்கு, மார்க்கை உரக்கப் படிப்பாள், மார்க்குப்படி இடம். முதலாவது வந்தவள் முன்பெஞ்சின் ஓரத்தில் இருப்பாள். கடைசி மூன்று பேருக்கு வாசல் ஓரம், தரையில், மணலில், ஒரு வாரம் முழுக்க. வராதவளுக்குப் பழைய இடம் அப்படியே இருக்கும், பெஞ்சில் இருந்தவளுக்குப் பெஞ்சு பறிபோகாது. அந்தக் கடைசி விதியை அவள் இரக்கத்தோடு வைத்திருந்தாள், நோய்வாய்ப்பட்ட பிள்ளைக்கு அநியாயம் ஆகக்கூடாதே என்று. நாகர்கோவிலில் அவள் படித்த பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் இடம் மாற்றுவார்கள். அங்கே அவள் எட்டு வருஷம் முன்பெஞ்சின் ஓரத்திலேயே இருந்தாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் வெள்ளிக்கிழமையைப்போல நல்ல நாள் உலகத்தில் இல்லை. வாசல் ஓரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

தங்கியிருந்த வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தாள், இறங்கவில்லை. புத்தகத்தைத் திறந்தாள்; மூடினாள். கடற்கரைக்கு நடந்தாள், பாதியில் திரும்பினாள். இந்த கிராஃபை அப்படியே காட்டினால் என்ன ஆகும்? ஜனங்களுக்கு நாட்டம் உண்டு என்று நிரூபணம் ஆகும். வகுப்பு நிலைக்கும். ஆனால் பிள்ளைகளை விரட்டியது யார் என்று ஒரு கேள்வி வருமே, அதற்குப் பதிலும் அதே தாளில் சிவப்பு மையில் இருக்கிறதே! யாருக்காக மணலில் நடந்து காலைத் தேய்த்தாளோ அந்தப் பிள்ளைகளே அவளுக்குப் பயந்து வீட்டில் ஒளிந்துகொண்டார்கள் என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா? அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளி மாதாகோயில் திருநாள் லீவு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இப்படியே அலைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆராதனை முடிந்து வந்து, புதிதாக ஒரு தாளில் கட்டம் போட்டாள். சிவப்புக் கோடு மட்டும் வரைந்தாள். இரண்டு கோடு இருந்தால் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். ஐந்தாவது வெள்ளிக்கு வந்ததும் கை நின்றது. அன்றைக்கு வகுப்பாசிரியைக்கு லீவு. அதனால் அது கணக்கில் சேராத நாள். இதுவும் நியாயம்தான். புள்ளி வைக்காமல் தாண்டிப் போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளின் வில்வண்டி வந்தது. வெள்ளை முண்டும் நேரியதும் உடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, திருவனந்தபுரத்துத் தமிழ் பேசுகிற அம்மாள். கண்டிப்பானவள் என்று பேர். சுவரில் மாட்டியிருந்த புதிய தாளைப் பிள்ளைகள் காலையிலேயே பார்த்துவிட்டார்கள். நீலக் கோடு இல்லை என்பதையும் பார்த்தார்கள். 

அம்மாள் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இது கொள்ளாமே, நல்லா இருக்கே. எல்லா வெள்ளியாழ்ச்சையும் அல்லவா பிள்ளைகள் குறையுது? இவங்க கத்தோலிக்கர். அன்றைக்கு மீன் நல்லா விற்றுச் செலவாகும். அதுதானே காரணம்?"

சத்தியபாயின் வாயிலிருந்து எடுத்ததுபோல அம்மாளே சொல்லிவிட்டாள். இனி ஒரு தலையாட்டல் போதும். சத்தியபாய் தலையாட்டவும் இல்லை, ஆட்டாமல் இருக்கவும் இல்லை.

அம்மாள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "வரைஞ்சவங்க சொல்லட்டும். நீ எழும்பு. இந்தப் படத்திலிருந்து என்ன தெரியுது?"

எழுந்து நின்றது இசபெல்.

 இசபெல் தாளைப் பார்த்தாள். புள்ளி விட்டுப்போன இடத்தில் அவள் கண் ஒரு நிமிஷம் நின்றதை சத்தியபாய் பார்த்தாள். பிறகு இசபெல் டீச்சரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கள்ளமில்லை, ஏளனமில்லை. பேடிதான், வெறும் பயம்தான், இருந்தது. பத்தொன்பது மார்க்கா ஏழு மார்க்கா என்று கேட்க நிற்கிற வெள்ளிக்கிழமைப் பேடி.

"வெள்ளிக்கிழம மீனுக்கு கிராக்கி அம்மா. நாங்க பிள்ளையப் பாக்க வீட்டுல நிப்போம்" என்றாள் இசபெல்.

"மிடுக்கி. கெட்டிக்காரப் பிள்ளை" என்று சொல்லி அம்மாள் பேனாவைத் திறந்தாள்.

சத்தியபாய் அந்தப் பேனாவைப் பார்த்தாள். கோடு சொல்லுவதைத்தான் சொல்லணும் என்று கற்றுக்கொடுத்த வாய் அவளுடையது. கோட்டை நன்றாகப் படித்துவிட்டு, அது சொல்லாததைச் சொல்லவும் இந்தப் பிள்ளை அவளிடம்தான் கற்றிருக்கிறது. வகுப்பைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் காப்பாற்றி இவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறாள்?

"அவ சொன்னது தப்பு அம்மா" என்றாள் சத்தியபாய். குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "தப்பு அவ பேர்ல இல்ல. எம் பேர்ல."

அலமாரியைத் திறந்து பழைய தாளை எடுத்தாள். சுவரில் மாட்ட நேரமில்லை. மேஜைமேல் விரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நீலக் கோட்டைக் காட்டினாள். சாளை குவிந்த செவ்வாயைக் காட்டினாள். ஐந்தாவது வெள்ளியில் விரல் வைத்து, "அன்னைக்கு நான் வரல்ல. எல்லாரும் வந்தாவ" என்றாள். பரீட்சையைச் சொன்னாள். வாசல் ஓர மணலையும் சொன்னாள். 

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோபப்படவும் இல்லை, பாராட்டவும் இல்லை; சத்தியபாயை மட்டும் வெளியே வண்டியருகே கூட்டிக்கொண்டு போனாள்.

"ஒரு லீவு நாளை வைத்து நீங்க இப்படிச் சொல்லுறீங்க. ஒரு புள்ளி போதாது. பரீட்சையை நிறுத்துங்க. இந்த வெள்ளியாழ்ச்சை எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு ஒரு கார்டு எழுதுங்க. பதினொன்று என்றால் வகுப்பு இருக்கட்டும். குறைந்தால் நீங்க சொன்ன காரணமும் சரியில்லை, வகுப்பும் வேண்டாம்."

வில்வண்டி போய்விட்டது. பரீட்சை இனி இல்லை, யாரும் தரையில் உட்காரவும் வேண்டாம் என்று சத்தியபாய் பிள்ளைகளிடம் சொன்னாள். கார்டு விஷயத்தைப் பற்றி வாய் திறக்கவேண்டாம் என்று வண்டி ஏறும்போதே அம்மாள் எச்சரித்திருந்தாள்; அதனால் அதைச் சொல்லவில்லை. வெள்ளிவரை நான்கு நாள். அந்த நான்கு நாளும் அவள் தூங்கினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கடற்கரையில் இரைச்சல். சாளை. அந்த வருஷத்தில் அப்படி மீன் பட்டதில்லை என்று தெருவில் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். இஞ்ஞாசியின் ஏலக் குரல் பள்ளிக்கூடம்வரை கேட்டது. எல்லா வீட்டுத் தாய்மாரும் கூடையோடு ஓடினார்கள். சத்தியபாய் ஜன்னலிலிருந்து இதைப் பார்த்தாள். இன்றைக்கு எப்படி வருவார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பின் அடியில், அவள் யாரிடமும் சொல்லமுடியாத ஓர் ஆசை கிடந்தது. ஒருத்தி வராமல் இருந்துவிடட்டும். ஒரே ஒருத்தி. அப்போது மீன்தான் காரணம், நான் இல்லை என்று ஆகிவிடுமே. இந்த ஆசை வந்ததை உணர்ந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மணி அடித்தது. ரிஜிஸ்தரைத் திறந்து பேர் கூப்பிட்டாள். சகாயசெல்வி வந்திருந்தாள். செல்லத்தாய் இடுப்பில் தம்பியோடு வந்திருந்தாள். வேளாங்கண்ணி கையில் மீன் செதிலோடு ஓடிவந்து பெஞ்சில் ஏறினாள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் எழும்பியது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. கடைசியாக இசபெல் பேரைக் கூப்பிட்டபோது வகுப்பில் சத்தமில்லை. சத்தியபாய் பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். வாசலில் மூச்சிரைக்க ஒரு குரல் கேட்டது.

"வந்துட்டேன் டீச்சரே."

பதினொன்று.

சத்தியபாய் கார்டை எடுத்து அந்த எண்ணை எழுதினாள். அம்மாள் கேட்டது எண் மட்டும்தான். எழுதிவிட்டு நிமிர முடியவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை இந்தக் குழந்தைகள் வீட்டு மூலையில் ஒளிந்துகொண்டு, மணி அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று நினைத்தாள். கண் நிறைந்து கார்டின் மேல் சொட்டியது. பிள்ளைகள் பயந்துபோய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இசபெல் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சரே, நாங்க எல்லாரும் வந்தது ஒங்களுக்குப் பிடிக்கலியா?"

"பிடிச்சிருக்கு மக்கா" என்றாள் சத்தியபாய். "பிடிச்சிருக்கு." ஆனால் அழுகையை அவளால் நிறுத்த முடியவில்லை.