பட்டன் கத்தியும் என் வாயும்

டெக்சாஸின் மேற்கு ஓரத்தில், நியூ மெக்சிகோ எல்லைக்குப் பத்து மைல் இப்பால் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். பெயர் வெண்டல் ப்ரூயிட். கடையில் ஆணி, பம்பு, மாட்டுத் தீவனம் எல்லாம் உண்டு. என் மனசு மட்டும் கத்தி அலமாரியில்தான். 2013இல் எங்கள் மாநிலம் பட்டன் கத்திக்கு இருந்த தடையை நீக்கியது. அன்றிலிருந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அந்தச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருக்கிறேன். பம்புக்கு வாஷர் வாங்க வந்தவர்கூட, அலகு ஐந்தரை அங்குலத்தைத் தாண்டினால் எந்தெந்த இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்துகொள்ளாமல் வெளியே போக முடியாது.

இந்த ஞானம் வீணாகிவிடக் கூடாதென்று ஓர் அட்டை அச்சடித்தேன். பட்டன் கத்தியை எந்த மாநிலத்தில் வீட்டில் வைத்திருக்கலாம், எங்கே பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம், எங்கே தொடவே கூடாது என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வரி. கேள்விப்பட்டதை எழுதவில்லை, நூலகத்தில் உட்கார்ந்து சட்ட வாசகத்தையே பார்த்து எழுதினேன். அதற்கு மூன்று மாதம் பிடித்தது. அட்டையின் தலையில் என் பெயர், கொட்டை எழுத்தில்.

அந்த மார்ச் மாதம் என் மனைவி ரோவினாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பல் டாக்டர் நியூ மெக்சிகோவில்தான். எல்லை தாண்டுவதெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. காரோட்டும்போது என் கால்சட்டைப் பையில் கத்தி இருந்தது. கைக்குட்டையும் இருந்தது. இரண்டையுமே நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்பும் வழியில், சாலையோரம் போலீஸ் வண்டி ஒன்று நின்றிருந்தது. இளம் பெண் அதிகாரி ஒருத்தி முள்வேலிக்குப் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சட்டையில் அனாயா என்று பெயர். வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிறு கன்றின் கழுத்திலும் காலிலும் சுற்றி இறுகியிருந்தது. நாக்கு வெளியே தள்ளிக் கிடந்தது.

காரை நிறுத்தி ஓடினேன். இடது கையால் கன்றின் கழுத்தை அணைத்துப் பிடித்தேன். வலது கை தானாகப் பைக்குள் போனது. கட்டைவிரல் பட்டனைத் தொட்டது. டக்! இரண்டே இழுப்பில் கயிறு அறுந்தது. கன்று ஒரு பெருமூச்சு விட்டு, என்னை உதைத்துத் தள்ளிவிட்டுத் தாயிடம் ஓடியது.

"ரொம்ப நன்றி சார். நல்ல நேரத்துல வந்தீங்க," என்றாள் அனாயா. கத்தியைப் பார்த்தாள். "ஏதோ மடக்குக் கத்தி போல இருக்கு, இல்ல?"

இங்கே நான் "ஆமாம்மா" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது.

"மடக்குக் கத்தியா? அதெல்லாம் இல்லம்மா. இது பட்டன் கத்தி. பிடியில பட்டன் இருக்கா, உள்ள ஸ்பிரிங் இருக்கா, அமுக்குனா அலகு தானா வருதா? இந்த மூணும் இருந்தா சட்டப்படி அது பட்டன் கத்திதான். நிறைய போலீஸ்காரங்களுக்கே இது தெரியாது."

காரிலிருந்து ரோவினா தலையை நீட்டினாள். அவளுக்கு வாயின் பாதி மரத்துப்போயிருந்தது. "வெங்தல்! வாய மூழு!" என்றாள்.

"பாவம், அவளுக்கு வாய் வலிக்குது," என்று அனாயாவிடம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன்.

"சார்," என்றாள் அவள் மெதுவாக, "அது மடக்குக் கத்திதானே?"

இப்போது நினைத்தால் புரிகிறது. அந்தப் பெண் எனக்கு இரண்டாவது முறையாகக் கதவைத் திறந்துவிட்டாள். நான் அதைச் சாத்திவிட்டு, "நம்பிக்கை இல்லன்னா இதப் பாருங்க" என்று பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன்.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. உரக்கப் படித்தாள்: "நியூ மெக்சிகோ. விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, வைத்திருக்கவே கூடாது." பிறகு நிமிர்ந்தாள். "சார், இப்ப நீங்க எங்க நிக்கிறீங்கன்னு தெரியுதா?"

காருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ரோவினா அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து நீதிமன்றத்தில் நின்றேன். வக்கீல் வைக்கவில்லை, நானிருக்க வக்கீல் எதற்கு? பதினோரு பக்கம் வாதம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். நீதிபதி மிஸஸ் லூசெரோ என் அட்டையைக் கையில் வைத்திருந்தார்.

"மிஸ்டர் ப்ரூயிட், இத எழுதுனது யாரு?"

"நான்தான், அம்மா."

"எங்க மாநிலத்துக்கு எழுதியிருக்கற வரி சரியா, தப்பா?"

பதினோரு பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தப்பு என்று சொல்ல நாக்கு வரவில்லை. மூன்று மாத உழைப்பாயிற்றே!

"சரிதான்," என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ரொம்பத் தெளிவா இருக்கு. அப்ப, குற்றத்த ஒத்துக்கறீங்க?"

ஒத்துக்கொண்டேன். கன்றைக் காப்பாற்றியதற்காக அபராதத்தைக் குறைத்தார். கத்தியைத் திருப்பித் தரவில்லை.

வெளியே அனாயா நின்றிருந்தாள். "கன்னுக்குட்டி நல்லா இருக்கு சார்," என்றாள். சற்றுத் தயங்கிவிட்டு, "நான் உங்கள ரெண்டு தடவ கேட்டேன்" என்றாள்.

"கேட்டீங்கம்மா. நான் காது குடுத்தாத்தானே?"

காரில் ரோவினா காத்திருந்தாள். வண்டியைக் கிளப்பினேன். எல்லைப் பலகையைத் தாண்டினோம், பருத்திக் காடுகளைத் தாண்டினோம், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் அப்படியொன்றைக் கண்டதில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, காய்ச்சலா என்று என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.